ஷேடோஃபெல் போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (பகடை உருட்டி, கதாபாத்திரமாக நடித்து ஆடும் கதை ஆட்டம்) ஆடுபவர்களுக்கு ஒரு கேள்வி. எங்கள் பார்ட்டி (ஒன்றாக ஆடும் குழு) அடுத்த வாரம் ஷேடோஃபெல்லில் இறங்கப் போகிறது. அந்த நிழலுலகம் உங்கள் ஆட்டத்தை என்ன செய்தது?

*

நான் டிஎம், அதாவது கதையை நடத்தும் டன்ஜன் மாஸ்டர். ஷேடோஃபெல்லை இன்னொரு நரகமாக நடத்தினால் வீண். அரக்கர்களுக்கு நைன் ஹெல்ஸ், அபிஸ் என்று ஏற்கெனவே இடம் இருக்கிறது. இது நம் கதாபாத்திரங்கள் வாழும் உலகத்தின் வெளிறிய பிரதி. ஆட்டத்தில் வரும் நெவர்விண்டர் நகரத்துக்கு அங்கே எவர்நைட் என்று ஒரு ஜோடி நகரம் உண்டு. நான் அதைச் சின்னதாகச் செய்தேன்: எங்கள் பார்ட்டி வழக்கமாகத் தங்கும் சத்திரத்தையே அங்கே வைத்தேன். படிக்கட்டு, கல்லா எல்லாம் அதே இடத்தில். ஆள் மட்டும் இல்லை. மாடியில் அவர்களுடைய அறையில் படுக்கை விரித்திருந்தது. ஒரு அரக்கனும் வரவில்லை, ஆனால் யாரும் உள்ளே போகச் சம்மதிக்கவில்லை!

அப்புறம் அந்த டெஸ்பேர் (மனமுடைதல்) விதி. 2014 டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு என்ற விதிப்புத்தகத்தில் இருக்கிறது, விருப்பப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம். டிசி 10 விஸ்டம் சேவ், அதாவது பகடை உருட்டி விஸ்டம் எண்ணையும் சேர்த்து 10 எட்ட வேண்டும். தோற்றால் டி6 (ஆறுமுகப் பகடை) உருட்டி விரக்தியா, அச்சமா, பித்தா என்று பார்க்க வேண்டும். எங்கள் பாலடினுக்கு (புனித வீரன்) விரக்தி விழுந்தது. விதிப்படி இனிஷியேட்டிவ் (சண்டையில் யார் முந்துவது), டெத் சேவ் (சாகும் தறுவாயில் பிழைக்கும் உருட்டல்) இரண்டிலும்தான் டிஸ்அட்வான்டேஜ், அதாவது இருமுறை உருட்டிக் குறைந்ததை எடுக்க வேண்டும். அவரோ அதை நடிப்பிலும் கொண்டுவந்து, "எதுக்கு வந்தோம், திரும்பிடலாமே" என்று எல்லா முடிவுக்கும் முட்டுக்கட்டை போட்டார். காம் இமோஷன்ஸ் மந்திரம் போட்டால் விலகிவிடும். கிளெரிக் (மந்திரம் போடும் பூசாரி) அன்றைக்கு அதைத் தயார் செய்யவில்லை.

*

மேலே எழுதிய நண்பருக்கு: எங்கள் காலத்தில் அது தங்கும் இடமே இல்லை, கடந்து போகும் வழி. 2000இல் வந்த 3ஆம் பதிப்பில் பிளேன் ஆஃப் ஷேடோ (ஷேடோஃபெல்லின் முன்னோடி), ஆஸ்ட்ரல், எதீரியல் மூன்றும் ஒரே வகை, மற்ற உலகங்களை இணைப்பவை. ஷேடோ வாக் மந்திரத்தில் படுவேகமாகப் போகலாம். ஆனால் வெளியே வரும் இடம் நூறு அடி முதல் ஆயிரம் அடி வரை தள்ளிப்போகும். கோட்டைக்குள் இறங்கத் திட்டம் போட்டு, காவலர் கூடாரங்களுக்கு நடுவே போய் நின்றோம். 2008இல் 4ஆம் பதிப்பு வந்த பிறகுதான் ஷேடோஃபெல் என்ற பெயரும், இறந்தவர்களின் ஆன்மா கடந்து போகும் இடம் என்ற வேலையும், எதிர்ப்பக்கத்தில் ஃபேவைல்ட் என்ற தேவதை உலகமும். கதைக்கு அது வசதிதான், மறுக்கவில்லை. எனக்கென்னவோ அந்த அநாமத்து குறுக்குவழிதான் பிடிக்கும்.

*

இடத்தை விடுங்கள், ஷேடோ என்ற அந்தச் சின்ன ஜந்துவைப் பற்றி யாரும் பேசவில்லையே! சேலஞ்ச் ரேட்டிங் (எவ்வளவு ஆபத்தானது என்ற மதிப்பு) வெறும் அரை. ஒவ்வொரு அடிக்கும் ஸ்ட்ரெங்த்தில் (உடல் வலு) டி4, அதாவது நான்குமுகப் பகடையில் விழும் எண், குறையும், பூஜ்யமானால் சாவு. என் விசார்டுக்கு (மந்திரவாதி) ஸ்ட்ரெங்த் 8. ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி) பாதிக்கு மேல் மிச்சமிருக்கும்போதே செத்துப்போனேன். சில மணி நேரத்தில் பிணத்திலிருந்து புது ஷேடோ எழும் என்பது விதி. அதை என்னையே ஆடச் சொல்லிவிட்டார் டிஎம். எங்கள் ரோகை (திருடன் கதாபாத்திரம்) விரட்டி விரட்டி அடித்தேன், அந்தக் கேம்பெயினிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த இரவு அது.

*

கேள்வி கேட்டவன்தான். நன்றி. காம் இமோஷன்ஸ் தயாராக வைக்கச் சொல்லி எங்கள் கிளெரிக்குக்கு மெசேஜ் போட்டாயிற்று. ஸ்ட்ரெங்த் 8 ஆசாமி எங்களிடமும் ஒருவர் இருக்கிறார். அவரிடம் இன்னும் வாயைத் திறக்கவில்லை.