இன்லைன் ஸ்கேட் பிரேக் தேஞ்சு போச்சு, ரப்பர் மட்டும் மாத்த முடியுமா?

கொங்குப்பொண்ணு:
பொண்ணோட இன்லைன் ஸ்கேட்ல (வீல் எல்லாம் ஒரே வரிசையில இருக்குமே, அது) வலது கால் பின்னாடி இருக்கற பிரேக் ரப்பர் ரொம்ப தேஞ்சு போச்சுங்க, பிரேக் அடிச்சா நிக்கறதுக்கு பதிலா கர்ர்ருனு தரைய கீறுது. வாங்கின கடையில கேட்டா ஸ்பேர் எல்லாம் வராது, புது செட்டே எடுத்துக்கங்கன்றாங்க. ஷூ, வீல் எல்லாம் நல்லாத்தான் இருக்கு, கால் அளவும் சரியா இருக்கு. கோச் வேற பிரேக்கையே கழட்டி வீசுங்கன்றார், வீட்டுக்காரர் செருப்பு தைக்கிறவர்கிட்ட குடுத்து டயர் ரப்பர் வெட்டி மாட்டிக்கலாம்ன்றார். யார் பேச்ச கேக்கறதுங்க?

வீல்மணி:
அக்கா, புது செட்டெல்லாம் வேணாம். அந்த கர்ர் சத்தம் வருதுன்னா ரப்பர் தீந்து உள்ள இருக்கற போல்ட் தலை ரோட்டுல உரசுது, இன்னும் ஓட்டுனா தலை மழுங்கி எல்-கீ (எல் மாதிரி வளைஞ்ச ஆறுமுனை சாவி, ஆலன் கீன்னும் சொல்வாங்க) உள்ளயே போகாது, அப்புறம் டிரில் போட்டுதான் எடுக்கணும், அதனால மாத்துற வரைக்கும் ஸ்கேட்ட தொடவே விடாதீங்க. நிறைய ரப்பர்ல பக்கவாட்டுல ஒரு கோடு போட்டிருப்பான், அது வரைக்கும் தேஞ்சாலே மாத்திடணும்.

கழட்டறது ஈஸி. சில மாடல்ல ரப்பர் அடியில ஒரு ஓட்டை இருக்கும், அதுக்குள்ள போல்ட், சிலதுல பக்கத்துல இருந்து குறுக்கா போகும். பெரும்பாலும் 4 மி.மீ. எல்-கீ தான். ஓட்டையில அடைஞ்சிருக்கற மண்ண ஊசியால நோண்டி எடுத்துட்டு கீய முழுசா உள்ள இறக்கி திருப்புங்க, பாதி இறங்கினதோட திருப்புனா உள்பக்கம் உருண்டுடும். அந்தப் பக்கம் நட்டு, வாஷர் இருந்தா கீழ விழுந்து ஓடும், ஒரு துணிய விரிச்சு அதுமேல வெச்சு பண்ணுங்க. எண்ணெய் விட்டாலும் ஒரு சொட்டு போதும், ரப்பர்லயோ பேரிங்லயோ படக்கூடாது.

பழையசக்கரம்:
கோச் சொல்றது ரேஸ் பசங்களுக்கு சரி, ரேஸ் ஸ்கேட்ல ஹீல் பிரேக்கே வராது, அவங்க ஒரு கால பின்னால குறுக்கா இழுத்து டி-ஸ்டாப் போடுவாங்க. ஆனா டி-ஸ்டாப் தேய்க்கறது வீல, அதுவும் ஒரு பக்கமா. நாலு வீல விட ஒரு ரப்பர் விலை கம்மி மேடம். தெருவுல, சரிவுல ஓட்டற குழந்தைன்னா பிரேக் இருக்கட்டும், டி-ஸ்டாப்பும் கத்துக்கட்டும்.

டயர் ரப்பர் ஐடியா வேணாம். வளைவு சரியா உக்காராம போல்ட்ட சுத்தி கிழிஞ்சு வரும், அது வர்றது சரியா பிரேக் அடிக்கற நேரத்துலதான்.

சும்மாவந்தவன்:
எங்க ஏரியால அதே டயர் ரப்பர போட்டு ஓட்டறாங்களே, ரோட்டுல கறுப்பு கோடு மட்டும் சூப்பரா விழுது 😄

கொங்குப்பொண்ணு:
ரொம்ப நன்றிங்க. ஆன்லைன்ல பாத்தா நூறு மாதிரி ரப்பர் இருக்கு, எது பொருந்தும்னு எப்படிங்க கண்டுபுடிக்கறது?

வீல்மணி:
எல்லாத்துக்கும் பொருந்தும்னு போட்டிருந்தா நம்பாதீங்க அக்கா. ஷூ மேல இருக்கற பிராண்ட், மாடல் பேரு, வீல் பக்கத்துல 72, 76, 80ன்னு மி.மீ. கணக்குல அச்சடிச்சிருக்கற அளவு, இத வெச்சு தேடுங்க. பழைய ரப்பர தூக்கிப் போட்டுடாதீங்க, ஓட்டையும் மேல்பக்க வடிவமும் ஒத்துப் போகுதான்னு போட்டோவோட வெச்சுப் பாக்கலாம். அந்த ரப்பர் கிடைக்கலன்னா, ரப்பர தாங்கற பிளாஸ்டிக் ஹவுசிங்கோட சேத்து அதே பிராண்ட்ல தேடுங்க, பெரும்பாலும் பின் வீல் ஆக்ஸில கழட்டுனா முழுசா வந்துடும்.

பழையசக்கரம்:
புதுசு மாட்டினதும் இன்னொன்னு, ரப்பர் உயரமா இருக்கறதால கால்விரல் பக்கம் கொஞ்சம் தூக்கினாலே பிடிக்கும். தேஞ்ச ரப்பருக்குப் பழகின குழந்தை அதே மாதிரி வேகமா தூக்கி அமுக்குனா முன்னாடி குப்புற விழ சான்ஸ் இருக்கு. வளைவுல கால மாத்தி வைக்கறப்பவும் ரப்பர் இன்னொரு ஸ்கேட்ல தட்டும். மொத நாள் மொட்டை மாடியிலயோ கிரவுண்டுலயோ மெதுவா ஓட்ட விடுங்க, ஓட்டி முடிச்சதும் போல்ட்ட ஒரு தடவ இறுக்கிப் பாத்துடுங்க.