சென்னை – யாழ்ப்பாணம்: 27 நிமிடமா, ஒன்றேகால் மணிநேரமா?

கேள்வி (தாம்பரத்துக்காரன்):
அம்மாவைச் சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானத்தில் தனியாக அனுப்புகிறேன். அவருக்குச் சர்க்கரை உண்டு, நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். தூரம் பார்க்க இணையத்தில் தேடினால் ஒரு தளம் 355 என்கிறது, இன்னொன்று 221, வேறொன்று 192. பயண நேரம் ஓரிடத்தில் 27 நிமிடம், மற்றோரிடத்தில் 57 நிமிடம். டிக்கெட்டிலோ ஒன்றேகால் மணிநேரம் போட்டிருக்கிறது. நடுவில் எங்கேயாவது இறங்கி ஏறுமா? யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலிக்கு அக்கா எத்தனை மணிக்கு வர வேண்டும்?

பதில் (சன்னலோரம்):
நடுவில் எங்கேயும் இறங்காது, பயப்படாதீர்கள். தூரம் மூன்றும் ஒன்றுதான்: 355 கிலோமீட்டர், அதையே மைலில் சொன்னால் 221, விமானிகள் கணக்கிடும் கடல் மைலில் 192.

நேரத்தில்தான் கோளாறு. அந்தத் தளங்கள் 355-ஐ 800-ஆல் வகுத்துவிடுகின்றன, 27 நிமிடம் வந்துவிடுகிறது. சில தளங்கள் அதோடு அரை மணிநேரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கூட்டுகின்றன, அதுதான் உங்கள் 57. ஆனால் 800 என்பது ஜெட்டின் வேகம். இந்த வழியில் பறப்பது ஏடிஆர் 72, விசிறி வைத்த விமானம். மேலே போய் நிதானமான பிறகும் மணிக்கு 500 கி.மீ. பக்கம்தான். அந்தக் கணக்கிலேயே 43 நிமிடம் ஆகிவிடும்.

அதோடு முடியவில்லை. யாழ்ப்பாணம் சென்னைக்கு ஏறக்குறைய நேர் தெற்கு. ஆனால் மீனம்பாக்கத்தின் முக்கிய ஓடுபாதையும் சரி, பலாலி ஓடுபாதையும் சரி, தெற்கு வடக்காக இல்லை. கிளம்பியதும் திரும்பித்தான் தெற்கே போக வேண்டும், இறங்கும்போதும் ஓடுபாதைக்கு நேராக வர வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் முழு வேகமும் இருக்காது. சென்னையில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போய் வரிசையில் நிற்பதும் கணக்கில் சேரும். டிக்கெட்டில் உள்ள நேரம் நின்ற இடத்திலிருந்து நகர்வது முதல் அங்கே போய் நிற்பது வரை. அதை மட்டும் நம்புங்கள்.

பதில் (பலாலி வீதி):
இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம்தான், கடிகாரத்தை மாற்றத் தேவையில்லை. அக்காவை டிக்கெட்டில் உள்ள இறங்கும் நேரத்துக்கே வரச் சொல்லுங்கோ. யாழ் நகரிலிருந்து பலாலி பதினைந்து கி.மீ.க்கு மேல், அதைக் கணக்கில் வைத்துப் புறப்படட்டும். குடிவரவு, சுங்கம் முடித்து அம்மா வெளியே வரக் கொஞ்ச நேரம் செல்லும்.

சன்னலோரம்:
சாப்பாட்டு விஷயத்தில் ஒன்று. பறக்கும் நேரத்தை வைத்துத் திட்டமிடாதீர்கள். வெளிநாட்டுப் பயணம் என்பதால் விமான நிலையத்துக்கு மூன்று மணிநேரம் முன்னதாகவே போகச் சொல்வார்கள். வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து அக்காவைப் பார்க்கும் வரை சேர்த்தால் ஆறு மணிநேரம்கூட ஆகலாம். பாதுகாப்புச் சோதனை முடிந்ததும் உட்கார்ந்து சாப்பிடச் சொல்லுங்கள். மாத்திரை, பிஸ்கட் எல்லாம் தோள்பையில் இருக்கட்டும். ஏடிஆரில் தலைக்கு மேல் உள்ள பெட்டி சின்னது. சக்கரப் பெட்டியைப் படிக்கட்டுக்குக் கீழேயே வாங்கிக்கொள்வதுண்டு.

தாம்பரத்துக்காரன்:
மாத்திரையைச் சக்கரப் பெட்டியில்தான் வைத்திருந்தோம். இப்போதே எடுத்துத் தோள்பைக்கு மாற்றிவிட்டேன். அக்காவுக்கும் நேரத்தைச் சொல்லியாகிவிட்டது. இருவருக்கும் நன்றி.