புதுப்பிப்பு: அப்பாவின் இரைப்பைப் புற்றுநோய், சிபிஎஸ் குறைவு, இம்யூனோதெரபி கேட்குமா?

பிடி-எல்1 என்ற புரதம் கட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் சிபிஎஸ் மதிப்பெண் 1-க்கும் கீழே, இனி இம்யூனோதெரபி (உடலின் எதிர்ப்புச் சக்தியையே புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டும் சிகிச்சை) வீண்தானா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

"எம்எஸ்ஐ பார்த்தாச்சா?" என்று ஒருவர் கேட்டதுதான் வழிகாட்டியது. எம்எஸ்ஐ என்பது, டிஎன்ஏ பிழைகளைத் திருத்தும் அமைப்பு கட்டியில் பழுதாகியிருப்பதன் அடையாளம். மறுபடி எண்டோஸ்கோபி தேவைப்படவில்லை. மெழுகில் பதித்து வைத்திருந்த பழைய பயாப்ஸித் துண்டிலேயே பார்த்துவிட்டார்கள். அந்தப் பிழைகளைத் திருத்தும் எம்எல்எச்1, பிஎம்எஸ்2 புரதங்கள் இரண்டுமே இல்லை, அதாவது எம்எஸ்ஐ-ஹை (எம்எஸ்ஐ அதிகம்). சிபிஎஸ் குறைவானாலும் இந்த வகைக்கு இம்யூனோதெரபி வேலை செய்ய நல்ல வாய்ப்பு உண்டு என்றார் டாக்டர். பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தைத் தொடங்கினோம். சிடி ஸ்கேனில் கல்லீரல் கட்டிகள் நன்றாகச் சுருங்கியிருக்கின்றன!

எதிர்பாராதவை: மருந்தின் பக்கவிளைவாகத் தைராய்டு சுரப்பு குறைந்துவிட்டது, தினமும் மாத்திரை. எம்எல்எச்1 இல்லாததால் பரம்பரை நோயோ என்ற பயம் எங்களுக்கு. எம்எல்எச்1 மரபணு கட்டியில் வேதி மாற்றத்தால் அணைந்துபோயிருக்கிறதா என்று பார்க்கும் மெத்திலேஷன் சோதனை பாசிட்டிவ். பரம்பரையாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவாம். இதே ரிசல்ட் வந்தவர்கள் அதையும் கேட்டு வாங்குங்கள்.