மறு: கூறாய்வில் (பிரேதப் பரிசோதனையில்) மட்டும் தெரியவரும் புற்றுக்கு என்ன பெயர்?

> 'மறைபுற்று' என்றே வைத்துவிடலாமே. சுருக்கமாகவும் இருக்கிறது.

ஐயா, அந்தச் சொல்லுக்கு வேறு வேலை இருக்கிறது. கழுத்து நெறிக்கட்டியில் புற்று பரவியிருக்கும், அது புறப்பட்ட உறுப்பு எது என்று தேடியும் அகப்படாது. அங்கே ஒளிந்திருப்பது மூலம்தான். நோய் இருப்பது தெரியும். 'மறைபுற்று' அதற்கே போகட்டும். நாம் பெயர் தேடுவது, ஆள் உயிரோடு இருந்தவரை எவருக்கும் தெரியாமல் போன புற்றுக்கு.

'தற்செயல் புற்று' என்றால் புற்றே தற்செயலாக வந்தது போலப் படுகிறது. 'உறங்குபுற்று' நல்ல சொல். மாரடைப்பில் இறந்த முதியவரின் புராஸ்டேட் சுரப்பியில் சத்தமில்லாமல் கிடந்த சிறு புற்றுக்குப் பொருந்தும். ஆனால் எங்கள் கேரளத் தேயிலைத் தோட்டப் பகுதியான பீர்மேடு, வண்டிப்பெரியாறு பக்கம் என்னை உறுத்துவது உறங்காத வகை.

இருமல் நிற்கவில்லை, சளியில் ரத்தம், உடம்பு இளைக்கிறது என்றால் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசைவீடுகளில்) முதலில் சொல்வது 'டிபி', அதாவது காசம். மருத்துவரும் அதையே முதலில் நினைப்பார். காசம் மிகுந்த நாட்டில் அது நியாயமே. நுரையீரல் புற்றும் இதே குறிகளோடுதான் வரும், எக்ஸ்ரே நிழலும் ஏமாற்றும். சளியில் கிருமி அகப்படாமலே படத்தை வைத்து 6 மாத மருந்து தொடங்குவதும் உண்டு. இங்கேதான் வஞ்சனை. காச மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின், காசக் கிருமியோடு வேறு பல பாக்டீரியாக்களையும் கொல்லும். புற்று மூச்சுக்குழலை அடைத்து, அடைப்புக்குப் பின்னால் சீழ் பிடித்திருந்தால் அந்தக் காய்ச்சல் கொஞ்ச நாள் தணியலாம். 'மருந்து பிடிக்குது' என்று வீடே நம்பிவிடும். (சிறுநீர் ஆரஞ்சாகப் போவதையும் குணமாகும் அடையாளமாகச் சொல்வார்கள். அது மாத்திரையின் நிறம், அவ்வளவுதான்.) காசமும் புற்றும் ஒரே நெஞ்சில் சேர்ந்திருப்பதும் உண்டு. ஆகவே கிருமி கிடைத்தாலும் புற்று இல்லை என்று ஆகிவிடாது.

இதற்காக 'பிழையறி புற்று' என்று வைத்தால் பெயரே மருத்துவர்மேல் வழக்குப் போட்டுவிடும். நோயாளி ஆஸ்பத்திரிக்கே போகாமல் இருந்திருக்கலாம் அல்லவா?

என் முன்மொழிவு: பின்னறி புற்று. புற்று உயிரைக் குடித்ததா, சும்மா இருந்ததா என்று இந்தப் பெயர் தீர்ப்புச் சொல்லாது. அதை அறிக்கையில் தனியாக எழுதிக்கொள்ளலாம். கேரள அறிக்கைகளில் புற்றைக் குறிக்கும் மலையாளச் சொல்லான 'அர்புதம்' மட்டும் வேண்டாம், நம் ஆட்கள் காதில் 'அற்புதம்' என்று விழும்!

---

> என் முன்மொழிவு: பின்னறி புற்று.

அம்மா, 'பின்' என்றால் எதற்குப் பின்? முற்றிய பிறகு தாமதமாகக் கண்டுபிடித்ததையும் அப்படிச் சொல்லிவிடுவார்களே. 'இறப்புக்குப் பின்' என்பது வரையறையில் வந்தாக வேண்டும்.

இன்னொன்று. நம் ஊரில் நடக்கும் கூறாய்வு பெரும்பாலும் போலீஸ் வழக்குக்கானது. விபத்து, விஷம், தூக்கு என்று காரணம் தெரிந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிடுவார்கள். நுரையீரலில் குழிவிழுந்த கட்டியை வெறுங்கண்ணால் பார்த்தால் காசமா புற்றா என்று மேசையிலும் குழப்பம்தான். துண்டு எடுத்து நுண்ணோக்கிக்கு அனுப்பினால்தான் விடை. அனுப்பாதவை எந்தப் பெயரிலும் கணக்கில் ஏறாது. 'திசு ஆய்வில் உறுதியானது' என்பதையும் வரையறையில் சேர்த்தால் என் வாக்கு 'பின்னறி புற்று'க்கு.