ஸ்ட்ரெப்டோமைசின் தெளித்தால் வயலிலுள்ள நீலப்பச்சைப் பாசி என்னவாகும்?

கேள்வி (மயூர் விஹார், தில்லி):
நிலம் மன்னார்குடிப் பக்கம். பயிரைத் தம்பி கவனித்துக்கொள்கிறான். நடவு முடிந்த பத்தாம் நாள் ஹெக்டேருக்கு 10 கிலோ வீதம் நீலப்பச்சைப் பாசி தூவினோம். இப்போது பாக்டீரியா இலைக்கருகல் தென்படுவதால், ஸ்ட்ரெப்டோமைசினும் டெட்ராசைக்ளினும் கலந்த பொடியைக் காப்பர் ஆக்ஸிகுளோரைடுடன் சேர்த்துத் தெளிக்குமாறு மருந்துக் கடையில் சொல்கிறார்கள். பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து பாசியை விட்டுவைக்குமா?

மறுமொழி (ராஜேந்திர நகர், தில்லி):
விட்டுவைக்காது. நாஸ்டாக், அனபீனா போன்ற நீலப்பச்சைப் பாசிகள் பாக்டீரியா இனத்தையே சேர்ந்தவை. அவற்றின் ரைபோசோம் (செல்லில் புரதத்தை உருவாக்கும் உறுப்பு) நோய்க்கிருமியான சாந்தோமோனாஸின் ரைபோசோமை ஒத்திருப்பதால், புரத உற்பத்தியைத் தடுக்கும் இவ்விரு மருந்துகளும் இரண்டையும் தாக்கும். பச்சைப் பாசிகள் கூடுதலாகத் தாங்கும்; ஆகவே தெளித்த பிறகும் நீர் பச்சையாகவே தெரியலாம், ஆனால் காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) நிலைநிறுத்துபவை அவை அல்ல. நெல்வயலின் இயற்கையான தழைச்சத்துக்கு நீலப்பச்சைப் பாசிகளே காரணம் என்று பி. கே. டே 1939இல் காட்டினார். அவை தரும் தழைச்சத்து ஒரு போகத்தில் ஹெக்டேருக்கு 20 முதல் 30 கிலோ வரை என்பது பொதுவான கணக்கு.

மறுமொழி (துவாரகா):
தன்மை சரி, அளவையும் பார்ப்போம். அந்தப் பொடிக்கான பரிந்துரை ஹெக்டேருக்கு 300 கிராம். 5 சென்டிமீட்டர் நீர் நின்றால் அது 5 லட்சம் லிட்டர். மருந்து முழுவதும் நீரில் விழுந்தாலும் லிட்டருக்கு 0.6 மில்லிகிராம்தான். நீலப்பச்சைப் பாசிக்கு அதுவே அதிகம் என்றாலும், ஸ்ட்ரெப்டோமைசின் நேர்மின்னேற்றம் கொண்டதால் டெல்டாக் களிமண்ணில் ஒட்டிக்கொண்டு பெருமளவு வீரியம் இழக்கும். டெட்ராசைக்ளின் வெயிலில் சிதையும். எனக்குக் கவலை தருவது கூடவே தெளிக்கும் 1.25 கிலோ காப்பர் ஆக்ஸிகுளோரைடுதான். அதில் பாதி செம்பு. குளத்துப் பாசியை ஒழிக்க மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடுவது இந்தச் செம்புக்காகவே. காப்பர் ஆக்ஸிகுளோரைடு எளிதில் கரையாது என்பது உண்மை. ஆனால் அதிலுள்ள செம்பு சிதையவும் சிதையாது, போகத்துக்குப் போகம் மண்ணில் சேரும்.

மறுமொழி (ராமகிருஷ்ணபுரம்):
தம்பி யூரியா எவ்வளவு இட்டார் என்று முதலில் கேளுங்கள். மிகுதியான தழைச்சத்து இலைக்கருகலையும் தூண்டும், பாசியின் தழைச்சத்து உற்பத்தியையும் நிறுத்திவிடும். மேலுரத்தைப் பிரித்து இடுங்கள். நோயுற்ற வயலின் நீரை அடுத்த வயலுக்குப் பாயவிட வேண்டாம். நோய் தொடக்க நிலையில் இருந்தால் 20 சதவீதப் பசுஞ்சாணக் கரைசலை இரு வார இடைவெளியில் இருமுறை தெளிக்கலாம் என்பதும் பரிந்துரையில் உள்ளதே. மேலும், இவ்விரு மருந்துகளையும் பயிருக்குப் பயன்படுத்துவதை 2024 ஜனவரி முதல் முற்றிலும் நிறுத்த மத்திய வேளாண் அமைச்சகம் 2021 டிசம்பரிலேயே வரைவு ஆணை வெளியிட்டது. கடைக்காரர் அதைச் சொல்லியிருக்க மாட்டார்.