ஒலாபரிப் என்ற புற்றுநோய் மாத்திரையை 250 மி.கி. என்று குறைத்து எழுதினால் எந்த மாத்திரைகளைக் கொடுப்பது?

பகல் ஷிஃப்ட் செவிலி:
நோயாளிக்கு 52 வயது. சினைப்பைப் புற்றுநோய், பிஆர்சிஏ1 மரபணு மாற்றம் உண்டு. கீமோ முடிந்து ஒலாபரிப் 300 மி.கி. காலையும் இரவும் போட்டு வந்தார். இரண்டாம் மாத டெஸ்டில் ஹீமோகுளோபின் 7.6. மாத்திரையை நிறுத்தி ரத்தம் ஏற்றினார்கள். இப்போது 9.4. வேளைக்கு 250 மி.கி. என்று டாக்டர் எழுதியிருக்கிறார். வீட்டில் மீதம் இருப்பது 150 மி.கி. மாத்திரை மட்டும். "ஒன்றரை போட்டால் கிட்டத்தட்ட வந்துவிடுமே" என்கிறார் மகள். வாயில் வெள்ளைப் படிவு என்று வெளி கிளினிக்கில் ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்தும் கொடுத்திருக்கிறார்கள். சேர்த்துக் கொடுக்கலாமா?

மருந்தக மேசை:
உடைக்கவே வேண்டாம் சிஸ்டர். ஒன்றரை என்றால் 225 தான் வரும், அதுவும் கணக்கில் மட்டும். தண்ணீரில் எளிதில் கரையாத மருந்தை ஒரு பாலிமரில் கலந்து செய்த மாத்திரை இது. உடைத்தாலோ பொடித்தாலோ உடம்பில் எவ்வளவு சேரும் என்று சொல்ல முடியாது, தூளும் கையில் படும். முழுசாக விழுங்க வேண்டும்.

250க்கு ஒரு 150, ஒரு 100. மறுபடி குறைக்க நேர்ந்தால் 200, அதாவது இரண்டு 100. ஆகவே 100 மி.கி. பெட்டி தனியாக வாங்கியே ஆக வேண்டும். லின்பார்சா பிராண்டு என்றால் 100 மஞ்சள், 150 பச்சை. வேறு கம்பெனி மாத்திரையில் நிறத்தை நம்பாமல் அட்டையில் உள்ள எண்ணைப் பாருங்கள். "ரெண்டு மாத்திரை" என்று வாய்வழியாகச் சொல்லி அனுப்பும்போதுதான் பழைய பெட்டியிலிருந்து இரண்டு 150 உள்ளே போய், குறைத்த டோஸ் மறுபடி 300 ஆகிறது. மகளிடம் நிறத்தோடும் எண்ணோடும் எழுதிக் கொடுங்கள்.

ஆன்கோ ஃபெலோ:
ஃப்ளூகோனசோலை இன்று கொடுக்காமல் நிறுத்தி வைத்து, ஆன்காலஜிஸ்டிடம் கேளுங்கள். ஒலாபரிபைக் கல்லீரலில் உடைக்கும் சிஒய்பி3ஏ என்சைமை அது தடுக்கிறது. மருந்து ரத்தத்தில் தேங்கும், ஏற்கெனவே விழுந்த ஹீமோகுளோபின் மறுபடி விழும். கொடுத்தே தீர வேண்டுமென்றால் அந்த நாட்களில் ஒலாபரிப் வேளைக்கு 150 மி.கி. ஆக இறங்க வேண்டும். வாய்ப் படிவு மட்டும்தான் என்றால் நிஸ்டாட்டின் சொட்டு மருந்து போதுமா என்று முதலில் பார்ப்பது நல்லது, அது ரத்தத்தில் ஏறுவதில்லை.

இட்ராகோனசோல், கிளாரித்ரோமைசின் இன்னும் வலுவாகத் தடுக்கும். அவற்றோடு வேளைக்கு 100 தான். சிப்ரோஃப்ளாக்சசின், டில்டியாசெம் இரண்டும் தடுக்கும் அளவில் ஃப்ளூகோனசோல் ரகம். எதிர்ப்பக்கம், ரிஃபாம்பிசினும் ஃபெனிடோயினும் மருந்தை வேலை செய்யவிடாமல் வெளியேற்றிவிடும். காசநோய், வலிப்பு மருந்து ஓடுகிறதா என்று கேட்காமல் தொடங்கவே கூடாது. கிரேப் ஃப்ரூட் வேண்டாம், அதே இனமான பம்ப்ளிமாஸும் வேண்டாம்.

பகல் ஷிஃப்ட் செவிலி:
நன்றி டாக்டர். குமட்டலும் இருக்கிறது. வாந்தி எடுத்துவிட்டால் மறுபடி கொடுப்பதா?

மருந்தக மேசை:
கூடாது. வாந்தி எடுத்தாலும் மறந்தாலும் அந்த வேளை போகட்டும், அடுத்த வேளையை அதன் நேரத்தில் கொடுங்கள். குமட்டலுக்கு இட்லி, கஞ்சி மாதிரி லேசாகச் சாப்பிட்ட பின் போடலாம். சாப்பாடு இதற்குத் தடையில்லை. மாத்திரைக்கு அரை மணி முன்பு வாந்தி மருந்து ஆன்டான்செட்ரான் கொடுக்கலாம். கீமோ சமயத்தில் மிஞ்சிய இன்னொரு வாந்தி மருந்து அப்ரெபிடன்ட் வீட்டில் இருந்தால் அதைத் தொட வேண்டாம், அதுவும் அதே என்சைமைத் தடுக்கும்.

ஆன்கோ ஃபெலோ:
ஒன்று விட்டுப்போனது. சிபிசி (ரத்த அணுக்கள் எண்ணிக்கை டெஸ்ட்) குறைந்தது முதல் ஒரு வருஷம் மாதாமாதம் தவறக்கூடாது. கூடவே பி12, ஃபோலேட் ஒருமுறை பாருங்கள். மருந்தை நிறுத்தி நாலு வாரமாகியும் அணுக்கள் ஏறவில்லை என்றால் டானிக் கொடுத்துக் காத்திருக்காமல் ரத்தவியல் டாக்டரிடம் அனுப்பி எலும்பு மஜ்ஜை பார்க்க வேண்டும். அரிதாக எம்டிஎஸ் (மஜ்ஜை ரத்த அணுக்களைச் சரியாக உருவாக்காத நோய்), ஏஎம்எல் (ஒருவகை ரத்தப் புற்றுநோய்) வரும். கிரியாட்டினின் சற்று ஏறியிருந்தால் உடனே சிறுநீரகம் கெட்டதென்று முடிவு கட்டாதீர்கள்; அது சிறுநீரில் வெளியேறும் வழியை இந்த மருந்தே தடுப்பதால் அப்படிக் காட்டும். ஆனால் கிரியாட்டினின் கிளியரன்ஸ் (சிறுநீரகம் வடிகட்டும் வேகம்) உண்மையிலேயே நிமிடத்துக்கு 31–50 மி.லி.க்குள் இருந்தால் டோஸ் வேளைக்கு 200 மி.கி. புதிதாக வறட்டு இருமல், மூச்சு வாங்கல், ஒரு காலில் மட்டும் வீக்கம், இதில் எது வந்தாலும் அடுத்த வேளை மாத்திரைக்கு முன் கூப்பிடச் சொல்லுங்கள்.