கிளாஸ்பாத்: ‘வகுப்புப் பாதை’யா, ‘தேடுவரிசை’யா?

அனைவருக்கும் வணக்கம். ஜாவா நிரல் ஓடும்போது தனக்கு வேண்டிய வகுப்புகளை (கிளாஸ், அதாவது நிரலின் துண்டுகள்) எங்கெங்கே தேட வேண்டும் என்று சொல்வது கிளாஸ்பாத். அதற்குத் தமிழ்ப் பெயர் தேடும் பேச்சில் ஒருவர் கேட்டது:

> கிளாஸ்பாத் = வகுப்புப் பாதை. நேரடியாக இருக்கிறது, அப்படியே வைத்துவிடலாமே?

வைக்கலாம் ஐயா. ஆனால் பாதை என்றதும் ஓர் இடத்துக்குப் போய்ச் சேரும் வழிதான் மனதில் வருகிறது. ஒரு கோப்பு இருக்கும் இடத்தைச் சொல்லும் பாத்துக்கு அது சரி. கிளாஸ்பாத் என்பதோ பல அடைவுகளையும் (ஃபோல்டர்) ஜார் கோப்புகளையும் (வகுப்புகளைக் கட்டிவைத்த பொதிகள்) நடுவில் முக்காற்புள்ளி (விண்டோஸில் அரைப்புள்ளி) போட்டு அடுக்கிய பட்டியல். ஜாவா அதை முதலிலிருந்து வரிசையாகத் தேடும், வீட்டில் வண்டிச் சாவியைத் தேடுவது போல: முதலில் ஆணியில் பார்ப்போம், இல்லையென்றால் சட்டைப் பை, அப்புறம் டிவி மேல். கிடைத்ததும் தேடல் நின்றுவிடும்.

இது எனக்குப் பட்டுத்தான் புரிந்தது. நிரலின் நடப்பைப் பதிவுசெய்யும் ஜாவா நூலகமான பழைய லாக்ஃபோர்ஜே 1.2. அதை அமைக்கும் எங்கள் ப்ராப்பர்ட்டீஸ் கோப்பு பட்டியலின் முதல் அடைவிலேயே இருந்தது. அதில் என்ன மாற்றினாலும் பலனில்லை. அரை நாள் போனது. கடைசியில் லாக்ஃபோர்ஜே.டீபக் என்ற பண்பை இயக்கி ஓட்டினேன். எடுத்த கோப்பு எது என்று அதுவே சொல்லிவிட்டது: வேறொரு ஜாருக்குள் யாரோ விட்டுப்போன லாக்ஃபோர்ஜே.எக்ஸ்எம்எல்! அந்தப் பதிப்பு எக்ஸ்எம்எல் பெயரைப் பட்டியல் முழுவதும் தேடும். எங்குமே இல்லாவிட்டால்தான் ப்ராப்பர்ட்டீஸ் பக்கம் திரும்பும். ஆக, இடத்துக்கு ஒரு வரிசை, பெயருக்கு ஒரு வரிசை. அதே வேலை செய்யும் லாக்பேக்கிலும் ‘லாக்பேக்-டெஸ்ட்.எக்ஸ்எம்எல்’ கிடைத்துவிட்டால் ‘லாக்பேக்.எக்ஸ்எம்எல்’லைச் சீண்டாது.

எனவே என் பரிந்துரை வகுப்புத் தேடுவரிசை. தேடுவரிசை, ஊறுகாய் போல வினைத்தொகை. முன்பு தேடியது, இப்போது தேடுவது, இனித் தேடப்போவது எல்லாம் அதில் அடங்கும். ஜாவா 9 (2017) கொண்டுவந்த மாட்யூல்பாத்தைக் (மாட்யூல் எனப்படும் நிரல் கூறுகளைத் தேடும் பட்டியல்) கூறுத் தேடுவரிசை என்று சொல்லிக்கொள்ளலாம். க்யூவும் வரிசைதானே என்பீர்கள். ‘தேடு’ முன்னால் நிற்கும்போது குழம்பாது.

எனக்கு உறுத்துவது ‘வகுப்பு’தான். மேலே நான் தேடி அலைந்தது வகுப்பே அல்ல, ஓர் அமைவுக் கோப்பு. ஆனால் அந்தக் குறை மூலப் பெயரிலேயே இருக்கிறது, நாம் திருத்த வேண்டியதில்லை.

லாக் கோப்புக்குப் ‘பதிகைக் கோப்பு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்குப் பிடித்திருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியா லாக்-இன்னைப் புகுபதிகை என்பதால் இரண்டும் மோதுமா என்பதைத் தனி இழையில் பேசுவோம். தேடுவரிசைக்கு மறுப்பு இருந்தால் இங்கேயே சொல்லுங்கள்.